இடிபாட்டின் முதல் குரல்

லஸ் முனைக்குப் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்த ஒரு ஜெராக்ஸ் கடையில் கயல் வேலை பார்த்தாள். அது 2012ஆம் வருஷம். காலையில் பி.காம் வகுப்பு, மதியம் இரண்டு மணியிலிருந்து கடை. ஜூன் மாதத்தில் ஒரு நாள், தோளில் கிட்டார் பையோடு ஒருவன் வந்து ஒரு தாளை நீட்டி இருபது காப்பி கேட்டான். மெஷின் ஓடும்போது அவள் தாளைப் படித்தாள். புது மெட்டல் பேண்டுக்குப் பாட ஆள் வேண்டும், பாட்டு தெரிந்திருக்க வேண்டாம், கத்தத் தெரிந்தால் போதும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

“கத்துறதுன்னா எவ்ளோ கத்தணும்?” என்று கேட்டாள்.

“டிரம்ஸுக்கு மேல கேக்கணும்.”

“அவ்ளோதானா?”

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் ஒரு காப்பியின் பின்பக்கத்தில் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தான். பேர் ஸ்ரீநாத், எஞ்சினியரிங் கடைசி வருஷம்.

ஞாயிற்றுக்கிழமை கயல் மந்தைவெளிக்குப் போனாள். கீழே கூடத்தில் ஸ்ரீநாத்தின் அம்மா விஜயலக்ஷ்மி நாலைந்து சிறுமிகளுக்கு வர்ணம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மொட்டை மாடி அறையில் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தது. டிரம்ஸில் ஜெயராம், ஸ்ரீநாத்தின் பள்ளிக்கூடத் தோழன். பேஸ் கிட்டாரில் சஃப்வான், ராயப்பேட்டைப் பையன். அவர்கள் வாசித்தது மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த இசை. பாட்டு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், அந்த இரண்டு நிமிடமும் மூச்சு விட இடமிருக்காது.

கத்தச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார்கள். ரத்தம், நரகம், போர் என்று இங்கிலீஷில் வரிசையாக இருந்தது. கயலுக்கு அதில் ஒரு வார்த்தையையும் கத்தத் தோன்றவில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டு, தான் குடியிருந்த பட்டினப்பாக்கத்தில் தினமும் தரையில் நின்று மூன்றாவது மாடிக்குக் கொடுக்கும் குரலைக் கொடுத்தாள்.

“தண்ணி லாரி வந்துட்ச்சேய்!”

கீழே வர்ணம் நின்றுபோனது. ஜெயராம் குச்சியை மடியில் வைத்துவிட்டு ஸ்ரீநாத்தைப் பார்த்தான். “மச்சி, வேற யாரையும் தேட வேணாம்” என்றான்.

சற்று நேரத்தில் காப்பி வந்தது. ஸ்ரீநாத்துக்கும் ஜெயராமுக்கும் டபரா டம்ளரில். சஃப்வானுக்கும் கயலுக்கும் பேப்பர் கப்பில். இரண்டு டம்ளர்தான் கழுவி இருந்ததோ என்னவோ என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். மூன்று வருஷம் ஞாயிறு தவறாமல் அந்த வீட்டுக்குப் போனாள். ஒரு தடவைகூடக் கப் மாறவில்லை.

பேண்டுக்குப் பேர் வைத்தது கயல்தான். அவள் குடும்பம் குடியிருந்த அடுக்குமாடி பிளாக் கட்டி நாற்பது வருஷமாகியிருந்தது. சுவரில் அரச மரம் முளைத்திருந்தது. “இன்னும் நிக்கிற இடிபாடுடா அது” என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாள். ஸ்ரீநாத் அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். இடிபாடு. மறுநாளே அவன் டி-ஷர்ட்டில் எழுதிக்கொண்டு வந்துவிட்டான்.

முதல் பாட்டும் அந்த பிளாக்கிலிருந்துதான் வந்தது. கயலின் அப்பா வடிவேலு கடலுக்குப் போகிறவர். முந்தின வருஷம் மழையில், அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது கூரைக் காரை பெயர்ந்து தோளில் விழுந்தது. எலும்பு கூடியது, ஆனால் வலை இழுக்கும் பலம் திரும்பவில்லை. அதன்பிறகு அம்மா தேவானை வானம் கறுத்தால் போதும், மீன் கூடையை இறக்குவதற்கு முன்பே கத்துவாள்: “காரை வுழுது, கட்ல தள்ளிப் போடு!” இந்த மூலையில் விழுந்தால் அந்த மூலை, அந்த மூலையில் விழுந்தால் இந்த மூலை. ஒன்பதுக்குப் பத்து அறையில் ஒரு கட்டில் எத்தனை இடத்துக்குத்தான் போகும்? கயல் அதையே எழுதினாள். கடைசியில் வீட்டில் கட்டில் போடாத இடமே இல்லை, காரை விழாத இடமும் இல்லை என்று முடித்தாள்.

நோட்டைப் படித்துவிட்டு ஸ்ரீநாத் திருப்பிக் கொடுத்தான். “நான் எழுதினதெல்லாம் குப்பை” என்றான். அந்த நேர்மை அன்று அவனிடம் இருந்தது. அதைக் கயல் என்றும் மறுத்ததில்லை. ஒருவன் ஆரம்பத்திலிருந்தே கெட்டவனாக இருந்திருந்தால் வெறுப்பது எவ்வளவு சுலபம் என்று பின்னால் பல தடவை யோசித்திருக்கிறாள்.

முதல் கச்சேரி அடையாற்றில், ஒரு நடனப் பள்ளியின் ஹாலில். இருபத்துமூன்று பேர் வந்திருந்தார்கள், அதில் ஏழு பேர் அடுத்து வாசிக்கவிருந்த பேண்டு. கயல் பள்ளிக்கூடத்து விளையாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தாள். மூன்றாவது தடவை “கட்ல தள்ளிப் போடு” வந்தபோது இருபத்துமூன்று பேரும் கூடக் கத்தினார்கள். அம்மாவின் வார்த்தை, அம்மாவைத் தெரியாதவர்கள் வாயில். அடுத்த வருஷம் அறுபது பேர் வந்தார்கள், அதற்கடுத்த வருஷம் முன்னூறு பேர்.

முதலில் போனவன் ஜெயராம். 2013இல் அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போனான். விமான நிலையத்துக்கு எல்லோரும் போனார்கள், அழுதார்கள். அவன் இடத்துக்குப் பாண்டி பஜாரில் படுக்கை விரிப்புக் கடை வைத்திருந்த குடும்பத்திலிருந்து குல்ஷன் வந்தான். ஜெயராமைவிட நன்றாகவே அடித்தான். ஒருவன் போனால் ஒருவன் வருவான், பேண்டு நிற்கும் என்று அப்போது கயல் நிம்மதிப்பட்டாள். அந்த நிம்மதி தனக்கு எதிராகவே திரும்பும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

2015 மே மாதக் கடைசியில் அவள் குரல் உடைந்தது. பேசினால் காற்றுதான் வந்தது. அரசு மருத்துவமனையில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குரல் நாணில் இரண்டு பக்கமும் காய்ப்பு. “ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுன்னுகூட. பேசினா ஆபரேஷன்” என்றார் டாக்டர்.

ஜூலை முதல் வாரம் பெங்களூரில் பெரிய கச்சேரி ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீநாத் பட்டினப்பாக்கத்துக்கே வந்து, கீழே மீன் கடைகளுக்குப் பக்கத்தில் நின்று சொன்னான். “சாய்நாத்துனு என் ஃப்ரெண்டு ஒருத்தன். அடையாறுல இருக்கான். இந்த ஒரு ஷோவுக்கு மட்டும் அவன் பாடட்டும். நீ ரெஸ்ட் எடு. ஒனக்காகத்தான் சொல்றேன்.”

கயல் போனில் எழுதிக் காட்டினாள்: ‘பாட்டு கெடக் கூடாது. நான் வந்து கத்துத் தரேன்.’

கத்துக் கொடுத்தாள். நாலு ஞாயிறு. மொட்டை மாடி அறையில் பேச முடியாமல் உட்கார்ந்துகொண்டு, அவன் கத்துவதைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி எழுதினாள். சாய்நாத் நல்ல பையன்தான், மரியாதையாகத்தான் கேட்டான். ஆனால் ‘காரை விழுது’ என்று பாடப் புத்தகம் வாசிப்பதுபோலக் கத்தினான். அவள் பெரிய எழுத்தில் எழுதினாள்: ‘விழுது இல்ல. வுழுது.’ அவன் மறுபடி கத்தினான். ‘கட்டிலை இல்ல. கட்ல.’ எங்கே மூச்சை எடுக்க வேண்டும், எந்த இடத்தில் அடிவயிற்றிலிருந்து தூக்க வேண்டும் என்று தன் வயிற்றில் கையை வைத்துக் காட்டினாள். நாலாவது ஞாயிறு அவன் கத்தியபோது சஃப்வான் தலையைத் திருப்பிக் கயலைப் பார்த்தான். அவள் குரல் அவ்வளவு அச்சாக வந்திருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில், நடந்ததைச் சைகையாலும் எழுத்தாலும் அம்மாவுக்குச் சொன்னாள். தேவானை வஞ்சிரத்தை அரிந்துகொண்டே கேட்டாள்.

“இன்னாடி சொல்ற? ஊமையாட்டம் குந்திகினு, உன் வாயப் புட்டு அவனாண்ட குட்த்துட்டு வந்துகீறியா?”

கயலுக்குக் கோபம் வந்தது. பதில் சொல்லத்தான் குரல் இல்லை.

ஆறு வாரம் முடிந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, காய்ப்பு கரைந்துவிட்டது, மெல்ல ஆரம்பிக்கலாம் என்றார். கயல் பேண்டின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தியைப் போட்டாள். மூன்று பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். பிராக்டிஸ் எப்போது என்று கேட்டாள். பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளிக்குப் போனால் மாடி அறை பூட்டியிருந்தது. விஜயலக்ஷ்மி வாசலுக்கு வந்தார்.

“அவா இப்போ இங்க வாசிக்கறதில்லையேம்மா. தி.நகர்ல ஏதோ ஸ்டுடியோவாம். ஒனக்குச் சொல்லலையா?”

சஃப்வானுக்கு போன் செய்தாள். அவன் ரொம்ப நேரம் இழுத்துவிட்டுச் சொன்னான். “கயல், வேற வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்க. பெங்களூர் ஷோ பயங்கர ஹிட்டு. புனேல, கௌஹாத்தில எல்லாம் கூப்புட்றாங்க. ஸ்ரீநாத் உங்கிட்ட பேசறேன்னான்.”

“நீ அந்த குரூப்ல கீறியா?”

“இருக்கேன்.”

அவள் நேரே தி.நகர் போனாள். உஸ்மான் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், தையல் கடைக்கு மேல் ஸ்டுடியோ. கதவைத் திறந்தபோது அவள் எழுதிய பாட்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கருவியாக நின்றது. கடைசியாக நின்றது சாய்நாத்தின் குரல்.

“ஒரு ஷோவுக்குனுதானே சொன்ன?” என்றாள் ஸ்ரீநாத்திடம்.

“உன் தொண்டைக்கு டூரெல்லாம் தாங்காது, கயல். மறுபடி போச்சுன்னா? நடுவுல கேன்சல் பண்ண முடியுமா? உன் நல்லதுக்குத்தான்.”

“என் நல்லத என்னாண்ட கேட்டியா?”

“இப்ப எமோஷனலா பேசாத.”

“சரி. நான் போறேன். என் பாட்ட குடு.”

ஸ்ரீநாத் உண்மையாகவே புரியாதவன்போல அவளைப் பார்த்தான். “அது இடிபாடு பாட்டு. பேண்டோட பாட்டு. கிட்டார் ரிஃப் நான் போட்டது.”

சஃப்வான் பேஸ் கிட்டாரின் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான். குல்ஷன் தண்ணீர் குடிக்க வெளியே போனான். சாய்நாத் மட்டும் “ஸாரி” என்றான். அது அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கூடுதலாக வலித்தது.

அந்த வருஷமும் அடுத்த வருஷமும் வேறு பேண்டு சேர்க்கப் பார்த்தாள். இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது, இன்னொருத்தி ஹைதராபாத் போனாள். தனியாகக் கத்திப் பார்க்கலாம் என்று ஒரு மதியம் கடற்கரைக்குப் போய் முழு மூச்சில் கத்தினாள். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள், யாரோ அலையில் மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்து எழுந்து ஓடி வந்தார்கள். “ஒண்ணுமில்ல மாமா” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அதன்பிறகு கத்தவில்லை.

பிளாக்கை இடிக்கப்போவதாகச் சொல்லிக் காலி செய்யச் சொன்னார்கள். பெரும்பாக்கத்தில், எட்டாவது மாடியில் வீடு கிடைத்தது. தேவானை விடியற்காலையில் இரண்டு பஸ் மாறிப் பட்டினப்பாக்கம் வந்து மீன் விற்றாள். கயல் சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் சேர்ந்தாள். வாடகை ஒப்பந்தம், விவாகரத்து மனு, பெயர் மாற்றம், செக் மோசடி. யார் யாருடைய புகாரையோ பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தாள்.

2018இல் ஒரு நாள் சஃப்வான் அந்தக் கடை வாசலில் வந்து நின்றான். தாடி வைத்திருந்தான்.

“என்னையும் தூக்கிட்டாங்க கயல். ஒரு ஈமெயில். பேண்டு வேற டைரக்ஷன்ல போவுதாம்.”

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன.

“அன்னிக்கி நான் வாயத் தொறந்திருக்கணும்” என்றான்.

“டைப்பிங் வேலை எதுனா கீதா? இல்லன்னா ஓரமா நில்லுங்க, கஸ்டமர் வராங்க.”

கால் மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டுப் போனான். அன்று முழுக்க அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது. அது நல்ல திருப்தி இல்லை என்றும் தெரிந்திருந்தது. ஆனாலும் இருந்தது.

2022 ஆகஸ்டில் இடிபாடு பேண்டின் பத்தாண்டு நிறைவுக் கச்சேரி. ஆழ்வார்பேட்டையில் குளிரூட்டப்பட்ட அரங்கு, ஞாயிறு மாலை நாலு மணி. யாரும் அழைக்கவில்லை. கயல் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனாள். ஏன் போகிறோம் என்று பஸ்ஸில் முழுக்கத் தன்னையே கேட்டுக்கொண்டு போனாள்.

வாசலில் பேண்டின் வரலாறு என்று ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். பளபளப்பான தாள். நின்ற இடத்திலேயே படித்தாள். 2012இல் ஸ்ரீநாத், பால்ய நண்பர் ஜெயராமுடன் இடிபாட்டைத் தொடங்கினார். ஆரம்ப மாதங்களில் பாடகர்கள் சிலர் வந்து போனார்கள். பேஸ் கலைஞர்கள் மாறினார்கள். 2015இல் சாய்நாத் இணைந்த பிறகே பேண்டு தன் குரலைக் கண்டடைந்தது.

மூன்று வருஷம், ‘ஆரம்ப மாதங்கள்’ ஆகியிருந்தது. ஒரு ஆள், ‘சிலர்’ ஆகியிருந்தாள். அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

உள்ளே விளக்கு அணைவதற்கு முன், முன்வரிசைக்குப் போய்க்கொண்டிருந்த விஜயலக்ஷ்மி அவளை அடையாளம் கண்டுகொண்டு நின்றார். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ. முகத்தில் நிஜமான சந்தோஷம்.

“அட, கயல்தானே? நன்னா இருக்கியா? நீகூட எங்காத்துக்கு வந்துண்டிருப்பியே. பின்னாடி நின்னுண்டு கோரஸ் பாடுவியே!”

“கோரஸ் இல்ல மாமி. நாந்தான் பாடுவேன்.”

“ஆமாமா, நீயும்தான் பாடுவே” என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு மாமி போனார்.

சாய்நாத் மேடையேறி, “இன்னா மச்சி, அல்லாரும் எப்டி கீறீங்க?” என்று கேட்டான். எண்ணூறு பேர் ஆர்ப்பரித்தார்கள். அவன் பேச்சு முழுக்க அவள் பேச்சாக மாறியிருந்தது. அந்தப் பாட்டு வருவதற்கு முன்பே கயல் வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் கடைக்கு வந்த வக்கீல் சுந்தரராமனிடம் விஷயத்தைச் சொன்னாள். எத்தனையோ வருஷமாக அவருடைய மனுக்களை அடித்துக் கொடுக்கிறவள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

“நீ எழுதினதுக்கு அத்தாட்சி என்ன இருக்கும்மா?”

“நோட்டு இருந்துச்சு சார். வீடு மாத்தறப்போ டிரங்குப் பெட்டியோட போயிடுச்சு.”

“சாட்சி?”

சொல்வதற்கு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. மூன்று நாள் தள்ளிப்போட்டுவிட்டுச் சஃப்வானுக்கு போன் செய்தாள். அவன் எல்லாவற்றையும் கேட்டான்.

“எங்கிட்ட முதல் ஷோ வீடியோகூட இருந்துச்சு கயல். நீ அன்னிக்கி ஒரு கிளாஸ் தண்ணி குடுத்திருந்தா இன்னிக்கி நானே தேடிக் கொண்டாந்திருப்பேன். இப்ப எனக்கு இந்த வம்பு வேணாம். பிள்ள குட்டின்னு ஆயிடுச்சு.”

“மூணு வருஷம் என்கூட வாசிச்சல்ல?”

“நீயும் என்கூடத்தான் பாடுன” என்றான். வைத்துவிட்டான்.

அத்தாட்சி இல்லாமலே சுந்தரராமன் ஒரு வக்கீல் நோட்டீஸை வாயால் சொல்லச் சொல்ல, கயல் அடித்தாள். தன்னைப் பற்றி ‘எனது கட்சிக்காரர்’ என்று தானே அடித்தது விநோதமாக இருந்தது. நோட்டீஸ் போன பத்தாம் நாள் ஸ்ரீநாத் போன் செய்தான். ஏழு வருஷத்துக்குப் பிறகு அவன் குரல்.

“எதுக்கு கயல் வக்கீல் கிக்கீல்னு? ஒரு வார்த்த கேட்டிருந்தா பேர் போட்டிருப்பேனே. அடுத்த ஆல்பத்துல போடறேன். அந்தப் பாட்ட புதுசா ரெக்கார்ட் பண்றோம்.”

“இன்னான்னு போடுவ?”

“பேர் வரும். ப்ராமிஸ்.”

வழக்குப் போடலாம், நிற்காது என்றார் சுந்தரராமன். கயலும் போடவில்லை. ஆல்பம் அடுத்த வருஷம் மார்ச்சில் வந்தது. கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் திறந்து பார்த்தாள். பாடல் வரிகள்: இடிபாடு. கீழே, கடைசியில், நன்றி என்று ஒரு நீண்ட பட்டியல். ஒலிப் பொறியாளர், டி-ஷர்ட் அச்சடித்தவர், ஸ்ரீநாத்தின் மனைவி, அவர்கள் வீட்டு நாய், இரண்டு காபிக் கடைகள். அதற்கும் கீழே தமிழில், ஒரு துணைக்கால் கூடுதலாக, ‘காயல்’ என்று இருந்தது.

அன்று வீடு திரும்பியபோது தேவானை பெரும்பாக்கத்து வீட்டில் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கஷ்டப்படுகிறவள்.

“இன்னாச்சு? உன் பேரு கீதா அதுல?”

“கீது.”

“பெரிசா போட்டுகீறாங்களா?”

“போட்டுகீறாங்கம்மா.”

“அப்ப சரி” என்றாள் தேவானை. “இத்தினி நாள் கயிச்சி இப்பனா புத்தி வந்துதே அந்தப் புள்ளைக்கி.”

கயல் உள்ளே போய் அப்பாவுக்குத் தைலம் எடுத்தாள். மழை இருட்டிக்கொண்டு வந்தால் இன்னும் அவருக்கு அந்தத் தோள் வலிக்கும். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார். தைலத்தை அழுத்தித் தேய்த்தாள். “மெல்லம்மா, மெல்ல” என்றார் வடிவேலு. அவள் அழுத்தத்தைக் குறைக்க நினைத்தாள். கை கேட்கவில்லை.